மதினியும் டேக் இன் என்ற சொல்லும்

நேற்றுச் செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'டேக் இன்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அண்ணன். லோடு வண்டி ஓட்டுகிறவர். பகலில் யாரையும் கூப்பிட மாட்டார்.

"கோபி, உங்க மதினி போயிட்டாப்பா" என்றார். "மெஷின்ல உக்காந்தவ உக்காந்தபடியே சாஞ்சுட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். உசுரு இல்லைன்னுட்டாக."

பலகையை அழிக்காமலே வந்துவிட்டேன்.

நேற்று மாலையே அடக்கம் முடிந்தது. இன்று காலை பால் தெளித்துவிட்டு வந்தோம். வீடு அடங்கிய பிறகு, வகுப்புக்காக நான் தயாரித்திருந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தாள் என்பது என் வழக்கம். பொருள்கள், இணைச்சொற்கள், கடைசியில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். பாடப்புத்தகத்து வாக்கியங்களில் பனி பெய்யும், லண்டனில் ரயில் தவறும். எங்கள் பிள்ளைகள் கோவிலூரிலிருந்தும் குன்றக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களுக்காக வாக்கியங்களை நம் ஊரிலிருந்தே எடுப்பேன். இந்தச் சொல்லுக்கான வாக்கியங்கள் பெரும்பாலும் நாகவல்லி மதினியின் தையல் கடையிலிருந்து எடுத்தவை.

அகராதி இந்தச் சொல்லுக்குச் சில பொருள்கள் சொல்கிறது. தொளதொளவென்று இருக்கும் உடுப்பை ஒடுக்கித் தைப்பது ஒன்று. பார்த்ததையும் கேட்டதையும் மனத்தில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. இதற்கு 'அப்சார்ப்', 'கிராஸ்ப்' என்று இணைச்சொற்கள். ஏமாற்றுவது என்றும் பொருள் உண்டு. 'டிசீவ்', 'ஃபூல்' என்று போட்டிருக்கும். பிறகு, போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வது. இதற்கு 'ஷெல்டர்' என்பார்கள்.

இணைச்சொல் என்றால் அப்படியே அதே பொருள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பஸ் நிற்கிற இடத்தில் போட்டிருக்கும் தகரக் கூரையும் ஷெல்டர்தான். மழை விட்டதும் அது யாரையும் தேடாது. டேக் இன் என்று சொல்ல, கதவைத் திறந்துவிடுகிற ஒரு ஆள் வேண்டும். தமிழ் அகராதியில் 'அடைக்கலம் கொடு' என்றிருக்கிறது. மதினியின் வீடு இருக்கும் செக்காலைத் தெருவில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. 'வீட்டோட வச்சுக்கிட்டாக' என்பார்கள். மதினி வீட்டில் சேர்த்துக்கொண்ட அம்மாக்கண்ணு விஷயத்தில் தெரு அப்படித்தான் சொன்னது.

மதினி என் அண்ணன் சின்னக்கருப்பனைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மதினி அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அம்மா அழகம்மாள் வலையபட்டிக்காரர், மதினிக்குக் கல்யாணம் ஆகுமுன்பே இறந்துவிட்டார். அப்பாவும் அதிக நாள் இல்லை. அப்பா வீட்டுப் பங்காளிகளோடு வயல் பிரித்ததில் ஏற்பட்ட சண்டையில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று. ஆக, மதினிக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. பிள்ளையும் இல்லை. வீட்டின் முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு, வெளியே போர்டு மாட்டினார்: 'அழகம்மாள் லேடீஸ் டெய்லர்'.

ரவிக்கையை ஒடுக்குவதற்கு மதினி சொல்கிற சொல் 'பிடிச்சுத் தைக்கிறது'. மற்ற கடைகளில் பிடித்த பிறகு மிச்சத் துணியை வெட்டிவிடுவார்கள். உள்பக்கம் மடிப்பு இல்லாமல் சுத்தமாக இருக்கும். மதினி வெட்ட மாட்டார். உள்ளேயே மடித்து விட்டுவிடுவார். கல்யாணப் பெண் ஒருத்தி ஒருமுறை அது குத்துகிறது என்று சண்டைக்கு வந்தாள்.

"வெட்டி எறிஞ்சிருங்கக்கா, எனக்கு வேணாம்."

"இப்ப வேணாம்பே. கல்யாணமாகி ஆறு மாசத்துல உன் மாமியா ஆக்கிப் போடுற சோத்துக்கு, அக்கா பிரிச்சு விடுங்கக்கான்னு இங்குட்டுத்தேன் வருவே. அப்ப துணிக்கு நான் எங்க போக?"

அவள் வந்தாள். ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று மதினி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாக்கண்ணு அந்தக் கடை வாசலுக்கு வந்தது ஒரு ஆடி மாதத்து மதியத்தில். அறுபதைத் தாண்டிய பெண்மணி. கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து சமையல் கரண்டி ஒன்றின் நீளக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் குழு ஒன்றில் வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்துபோனதும் சமையல் மாஸ்டர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். குன்றக்குடியில் இருந்த வாடகை அறையையும் காலி செய்யும்படி ஆயிற்று. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் சொன்னது வேறு.

"அழகம்மா மகதானத்தா நீ? உங்க அம்மாவுக்கு நான் சித்தப்பா மக. உனக்குச் சின்னாத்தா முறை."

மதினி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு சோறு போட்டார். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தபோது அடுப்படியில் புது ஆள் நின்றது.

"யாரு இது?"

"எங்க சின்னாத்தா."

"உனக்கு ஏது சின்னாத்தா?"

"இன்னைக்குத்தேன் வந்துச்சு."

அடுப்படியிலிருந்து, "மாப்ளே, கை கழுவிட்டு வாரீகளா? குழம்பு ஆறிப்போகுது" என்று குரல் வந்தது. முதல் நாளே மாப்பிள்ளை ஆக்கிவிட்டார். அண்ணனுக்கு அவர் அயித்தை முறை. ஆனால் அண்ணன் ஒரு நாளும் அயித்தை என்று கூப்பிட்டதில்லை. 'அந்தம்மா' என்பார். சாப்பாடு மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

ஒரு வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பெரியக்கா பொன்னுத்தாயியும் வந்திருந்தாள். வலையபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். மதினி அவசரத் துணி ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்று மெஷினில் இருந்தார். அம்மாக்கண்ணு ரசம் ஊற்றியபடி பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க சாமிக்குப் படைப்புன்னா சும்மாவா? மூணு கிடா விழுகும். ரத்தப் பொரியல் நாந்தேன் கிண்டுவேன். ஊரே விரலை நக்கும்."

பெரியக்கா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "எந்தச் சாமிக்கு?"

"நம்ம சாமிக்குத்தேன். வலையபட்டிக் கருப்பருக்கு."

"நானும் வலையபட்டியிலதேன் இத்தனை வருசமாக் குப்பை கொட்டுறேன். அழகம்மா வீட்டுச் சாமி கண்மாய்க்கரை அய்யனாரு. அவருக்கு ரத்தமே ஆகாது. சர்க்கரைப் பொங்கலும் தேங்காயுந்தேன். படைப்பு அன்னைக்குக் கோழியைக்கூடக் கூடையைப் போட்டு மூடி வைப்பாக. நீங்க எந்த வலையபட்டியில கிடா வெட்டுனீக?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் உறவு சொல்லிக்கொண்டு வந்தால், பிறந்த வீட்டுச் சாமி எது என்றுதான் முதலில் கேட்பார்கள். சித்தப்பா மகள் என்றால் சாமி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கருப்பர் என்று சொன்னால் இங்கே பாதி வீடுகளுக்குப் பொருந்தும். அழகம்மாள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. ரசக் கரண்டி அம்மாக்கண்ணு கையில் அப்படியே நின்றது.

மெஷின் சத்தம் நிற்கவில்லை. மதினி தலையைத் திருப்பாமல் சொன்னார்: "சின்னாத்தா, அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க."

அடுப்பில் பால் இல்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மாக்கண்ணு நொண்டி நொண்டி உள்ளே போனார்.

"ஏ நாகு, உன்னை நல்லா ஏமாத்திருச்சுடி" என்றாள் பெரியக்கா.

"சரி சரி, மோர் ஊத்திச் சாப்பிடுங்க."

விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. துணி கொடுக்க வருகிற பெண்கள், "எங்களுக்கும் ஒரு சின்னாத்தா பார்த்துக் குடுங்கக்கா, பாத்திரம் தேய்க்க ஆளில்லை" என்று கிண்டல் செய்தார்கள். அம்மாக்கண்ணு சில நாள் வாசல் பக்கமே வரவில்லை. பையைக் கட்டி வைத்திருந்தார் என்று அண்ணன் சொன்னார். ஆனால் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மதினி, தையல் முடிந்த ரவிக்கைகளை அவர் மடியில் கொண்டுபோய்ப் போட்டு ஹூக் வைக்கச் சொன்னார். அப்படியே நாள் போயிற்று.

இந்தத் தாளை எழுதுவதற்காக நான் கடைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

"வாங்க கொழுந்தனாரே. வீட்டுல அடிச்சு விரட்டிட்டாகளா?"

"இல்ல மதினி. காலேஜுக்கு ஒரு சொல் எழுதணும். ரவிக்கையைப் பிடிச்சுத் தைக்கிறதுக்கு இங்கிலீசுல டேக் இன்னு பேரு."

"அதுக்கு எதுக்கு இங்கிலீசு? துணிக்குத் தமிழ் தெரியும்."

"அதே சொல்லுக்கு இன்னும் அர்த்தம் இருக்கு" என்று வாசித்துக் காட்டினேன். ஏமாற்றுவது என்ற இடம் வந்ததும் மதினி வாய்விட்டுச் சிரித்தார்.

"அதுக்கு என் பேரைப் போட்டுருங்க. தெருவே போட்டுருச்சு."

பிறகு அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு வந்து நின்னதும் தண்ணி குடுத்தேன்ல. குடுத்துட்டுச் சாமி எதுன்னு கேட்டேன். கருப்பருன்னுச்சு. கிடான்னுச்சு. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வீட்டுக்குள்ள விட்டீக?"

"வாசல்ல போர்டுல எங்க அம்மா பேரு இருக்குல்ல. அதை யாரையோ வாசிக்கச் சொல்லி, வலையபட்டின்னு விசாரிச்சுக்கிட்டு வந்திருக்கு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் வாக்கப்பட்டு வந்து இத்தனை வருசமாச்சு. எங்க அம்மா பேரைச் சொல்லிக்கிட்டு இந்த வாசலுக்கு வேற யாரு வந்தா, சொல்லுங்க. பொய்யாவாச்சும் ஒரு ஆள் வந்துச்சே."

"உங்களுக்குத் தெரியும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அது எதுக்கு அதுக்கு? தெரிஞ்சா ரசத்துல உப்புக் கூடிப்போகும்."

அதனால் தாளில் ஏமாற்றுவது என்ற பொருளுக்கு மதினி பெயரை நான் போடவில்லை. அங்கே ஒரு தரகரைப் போட்டேன். வீட்டில் சேர்த்துக்கொள்வது என்பதற்குத்தான் 'நாகவல்லி டுக் இன்' என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதினேன். மதினி அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

நேற்று நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதினியை முன்னறையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மெஷினைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். அகராதி சொல்கிற அந்த 'மனத்தில் வாங்கிக்கொள்வது' அவருக்கு இன்னும் நடக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கும்தான்.

பெரியக்காவின் கவலை கோடியைப் பற்றி. ஒரு பெண் இறந்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். குளிப்பாட்டியதும் அதைத்தான் உடுத்துவார்கள். அது வராமல் உடலை எடுக்க மாட்டார்கள். மதினியின் அப்பா வழிப் பங்காளி வீட்டுக்கு நான் போனில் பேசினேன். அந்தப் பக்கத்தில், பார்க்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிறகு போனை எடுக்கவில்லை.

"நம்மளே ஒரு சேலை எடுத்துட்டா என்னக்கா?"

"எடுக்கலாம்டா தம்பி. பொறந்த வீட்டு ஆளுன்னு யாரு தாம்பாளத்தைத் தூக்கிட்டு வரது? நீயா? நாதியில்லாமப் போனான்னு பேச விட்டுருவியா அவளை?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருசம் அத்தனை பேருக்கும் தைச்சுக் குடுத்தா. அவளுக்கு ஒரு சேலை வரலை பாரு."

அப்போதுதான் அம்மாக்கண்ணு எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

"போயிருக்கும்" என்றாள் பெரியக்கா. "இனி இங்க யாரு வச்சுக்குவா அதை? தெரிஞ்சுதேன் போயிருக்கும்."

அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. அம்மாக்கண்ணு இறங்கினார். இடுப்பில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திப் பிடித்திருந்தார். அதில் ஒரு பச்சைச் சேலை, மஞ்சள், குங்குமம், ஒரு பந்து மல்லிகை. முட்டி வலியில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். பந்தலின் விளிம்பு வரை வந்தவர் அதற்கு மேல் வரவில்லை. நிழலுக்கு வெளியே வெயிலிலேயே நின்றார்.

பறை அடிப்பவர்கள் நிறுத்தினார்கள். பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர் வழக்கப்படி கேட்டார்: "எந்த வீட்டுக் கோடி?"

கருப்பர் என்று கூசாமல் சொன்ன அம்மாக்கண்ணு, இதற்குப் பதில் சொல்லாமல் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யார் இல்லை என்பதும் தெரியும். உட்கார்ந்திருந்த பெண்கள் பெரியக்காவைப் பார்த்தார்கள். பெரியக்கா அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் எழுந்தார். மடியில் இருந்த துண்டு கீழே விழுந்தது.

"பொறந்த வீட்டுக் கோடி" என்றார். பிறகு பந்தல் விளிம்பு வரை நடந்துபோனார். "வாங்க அயித்தே. இங்குட்டு வாங்க. வெயில்ல நிக்காதீக."

அம்மாக்கண்ணுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது. பெரியக்கா ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "சேலை நழுவுது, பார்த்து" என்றாள். இருவருமாகத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். பறை மறுபடி கேட்டது. மதினி பச்சைச் சேலையில் போனார்.

இன்று காலை பால் தெளித்துவிட்டு நாங்கள் திரும்பியபோது, வாசற்படியில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. கரண்டிக் காம்பு வெளியே தெரிந்தது. அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எங்குட்டுக் கிளம்புறீக?" என்றார் அண்ணன்.

"குன்றக்குடியில தெரிஞ்ச மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு மாப்ளே. போய்க் கேட்டுப் பார்க்குறேன். அவ இருந்தா, நான் இருந்தேன். இனி ஊரு ஒரு பேச்சுப் பேசும்."

"முட்டியை வச்சுக்கிட்டு அடுப்புல நிப்பீகளாக்கும்?"

அம்மாக்கண்ணு முட்டியைத் தடவிக்கொண்டார்.

"கருமாதிக்கு யாரு சமைக்கிறது? பையை உள்ள வைங்க."

"கருமாதி முடிஞ்சா?"

"முடிஞ்சாலும் நான் சாப்பிடணும்ல அயித்தே."

பெரியக்கா பையைத் தூக்கினாள். "கருமாதிக்கு ரத்தப் பொரியல் மட்டும் வேணாம், சொல்லிப்புட்டேன்" என்றாள். அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

நான் முன்னறைக்குப் போய், மெஷினைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தேன். அதில் ஒரு ரவிக்கை மாட்டியபடி இருந்தது. போன மாதக் காய்ச்சலில் அம்மாக்கண்ணு இளைத்துப்போயிருந்தார். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அவருடையதைத்தான் மதினி நேற்றுக் காலை பிடித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இடது பக்கம் தைத்து முடிந்திருக்கிறது. மிச்சத் துணி வெட்டப்படாமல் உள்ளே மடிந்திருக்கிறது. வலது பக்கத்தில் சாக்பீஸ் கோடு மட்டும் போட்டிருக்கிறது. ஊசி அந்தக் கோட்டின் ஆரம்பத்தில் துணிக்குள் இறங்கி நிற்கிறது.